ஏசி பூட்ட எவ்வளவு, பாஸ்?

போன் அடிக்கும். எடுத்தால் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். "பாஸ், ஏசி ஒன்று பூட்ட எவ்வளவு?" சிங்களத்தில் என்றால் "கீயத பாஸ்?" அவ்வளவுதான். கைத்தொழில் செய்பவனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மாடி, என்ன சுவர், வெளி மெஷின் எங்கே வரப்போகிறது என்று ஒன்றும் இல்லை. 2008இல் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து ஏறக்குறைய பத்து வருடம் நானும் அதே மூச்சில் ஒரு தொகை சொல்லிக்கொண்டிருந்தேன். தயங்கினால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பாவை எல்லோருக்கும் வயரிங் பாஸாகத்தான் தெரியும். அவர் பொயின்ட் கணக்கில் பேசுவார். லைட் பொயின்ட் ஒன்று இவ்வளவு, பிளக் பொயின்ட் ஒன்று இவ்வளவு, வீட்டில் இத்தனை பொயின்ட், பெருக்கிப் பார். அந்தக் கணக்கு அவருக்குப் பிழையாகப் போகவில்லை. ஒரு வீட்டில் நாற்பது பொயின்ட் இருந்தால் நாலு கஷ்டமாக இருக்கும், முப்பத்தாறு சுகமாக இருக்கும், சரிக்குச் சரி வந்துவிடும். நான் அதையே எடுத்து ஏசிக்குப் போட்டேன். மெஷின் ஒன்றுக்கு இவ்வளவு. ஆனால் ஒரு வீட்டில் நாற்பது ஏசி பூட்ட மாட்டார்களே. இருப்பது ஒன்று அல்லது இரண்டு. அது கஷ்டமானதாக இருந்தால் முழுவதும் நம் தலையில்தான்.

2016இல் வெள்ளவத்தையில் ஒரு வேலை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தொடர்மாடி, ஐந்தாவது மாடி. யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர். கனடாவிலிருந்த மகன் காசு அனுப்பி, 12,000 பிடியூ மெஷின் இரண்டு வாங்கி வைத்திருந்தார். போனிலேயே பேசினோம். மெஷின் ஒன்று பூட்ட 8,000 ரூபாய், பத்து அடி பைப் வரை அதற்குள் அடக்கம் என்றேன். பத்து அடி என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததா என்று நான் யோசிக்கவில்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் எண்ணாயிரம்.

போய்ப் பார்த்தால் வெளி மெஷினை பல்கனிப் பக்கம் மாட்ட அந்தக் கட்டடத்துக் கமிட்டி விடாது. மொட்டை மாடியில்தான் வைக்க வேண்டும். கட்டடம் ஏழு மாடி. பைப், கட்டடத்துக்குள் குழாய்கள் ஏறும் டக்ட் வழியாக மேலே ஏற வேண்டும். ஒரு மெஷினுக்கு 38 அடி, மற்றதுக்கு 44 அடி. காலை ஒன்பதரைக்கு முன் ட்ரில் பிடிக்கக் கூடாது. பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரையும் கூடாது. லிஃப்டில் சாமான் ஏற்ற முதல் நாளே சொல்லியிருக்க வேண்டுமாம். செக்கியூரிட்டியிடம் 10,000 ரூபாய் கட்டி வைத்தால்தான் உள்ளே விடுவார்கள், வேலை முடிந்து சுவரில் கீறல் இல்லாவிட்டால் திருப்பித் தருவார்கள். த்ரீவீலை நிறுத்த இடமில்லாமல் நாலு ஒழுங்கை தள்ளி நிறுத்திவிட்டு, ட்ரில், வேக்கும் பம்ப், பைப் சுருள் எல்லாவற்றையும் நானும் ஹெல்பர் பொடியனும் தோளில் சுமந்து வந்தோம்.

இரண்டாம் நாள் துளை போடும்போது கொங்கிரீட் பீம் குறுக்கே வந்தது. கோர் பிட் பல் உடைந்தது. புதிது வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று மணித் தடை தாண்டி நாலரை ஆகிவிட்டது. மூன்றாம் நாள் மாலைதான் மெஷின் ஓடியது.

அதற்குப் பிறகு பைப்புக் கணக்கைச் சொன்னேன். அன்ரியின் முகம் மாறியது. "எண்ணாயிரம் எண்டுதானே தம்பி சொன்னனீங்கள்? இப்ப என்ன புதுக்கணக்கு?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலை முடிந்த பிறகு வாயைத் திறப்பவனைத் திருடன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இழுபறிப்பட்டு, மேலதிகப் பைப்புக்குப் பாதிக் காசு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு மனைவி கொப்பியை எடுத்தாள். கூலி 16,000. ஹெல்பருக்கு மூன்று நாள், ஒரு நாள் 1,800 வீதம் 5,400. பெற்றோலும் சாப்பாடும் 2,400. கோர் பிட் 3,500. மிச்சம் 4,700 ரூபாய், மூன்று நாளுக்கு. பைப்பில் விட்டது வேறு. ஒரு நாளைக்கு எனக்கு 1,600 ரூபாய்கூட வரவில்லை. பிட் எடுத்துக் கொடுத்த பொடியன் என்னைவிடக் கூடுதலாக உழைத்திருக்கிறான்.

"மாசத்துல எத்தனை நாள் பூட்டுறீங்க?" என்று கேட்டாள். இருபத்தைந்து என்றேன், யோசிக்காமல். அவள் நம்பவில்லை. சுவரிலிருந்த கலண்டரில் ஒரு மாதம் முழுக்க எழுதச் சொன்னாள். பூட்டிய நாள், வேலை பார்க்கப் போன நாள், சாமான் வாங்கிய நாள், காசுக்கு அலைந்த நாள், பழைய வேலை ஒன்றில் தண்ணீர் ஒழுகுகிறது என்று திரும்பப் போன நாள், சும்மா இருந்த நாள். மாதம் முடிந்து எண்ணினால் காசு வரும் வேலை செய்த நாள் பதினான்கு.

எனக்கு எல்லாம் விளங்கியது அந்தக் கலண்டரில்தான். நான் சுவரில் துளை போடும் நேரத்துக்கு மட்டும் விலை வைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் போன நாளுக்கும் அலைந்த நாளுக்கும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது? அந்தக் காசையும் இந்தப் பதினான்கு நாள்தான் சம்பாதித்துத் தர வேண்டும்.

இப்போது நான் போடும் கணக்கை அப்படியே சொல்கிறேன். தொகைகள் என்னுடையவை, உங்களுக்கு வேறாக இருக்கும். வீட்டுக்கு மாதம் 150,000 வேண்டும். த்ரீவீலுக்கு லீசிங், பெற்றோல், சேர்விஸ் எல்லாம் சேர்த்து 40,000. கருவிகளுக்கு 15,000 ஒதுக்கி வைக்கிறேன். வேக்கும் பம்பும் அழுத்தம் பார்க்கும் கேஜும் ஒரு நாள் சாகும், அன்று கடன் வாங்க முடியாது. போன், பில் புத்தகம், சில்லறைகளுக்கு 5,000. திரும்பப் போய்ப் பார்க்கும் வேலைகளுக்கு 10,000. இதுவரை 220,000. ஹெல்பருக்கு நாள் 4,000 வீதம் 24 நாள் 96,000. நான் வேலை இல்லாமல் இருந்தாலும் அவனுக்கு அந்த நாட்களைக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவன் வேறு பாஸிடம் இருப்பான். அதற்கு மேல் முதலாளி பங்காக ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், ஆக 14,400. எங்கள் தொழிலில் இதைக் கட்டுபவர்கள் குறைவு. நானும் நெடுநாள் கட்டவில்லை, அது பெருமைப்படும் விஷயமில்லை. மொத்தம் 330,400. வழமையான மாதத்தில் நான் பூட்டும் நாள் பதினாறு. வகுத்தால் ஒரு நாள் 20,650 ரூபாய்.

இப்போது யாராவது ஏசி பூட்ட எவ்வளவு என்று கேட்டால், அது என் நாளில் எவ்வளவைத் தின்னும் என்றுதான் யோசிக்கிறேன். தரை வீடு, செங்கல் சுவர், உள் மெஷினுக்கு நேர் பின்னாலேயே வெளி மெஷின் என்றால் அரை நாள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று முடிக்கலாம். கூலி பத்தாயிரத்துச் சொச்சம். தொடர்மாடி, டக்ட், கயிறு கட்டி இறக்கும் வேலை என்றால் முழு நாள், இருபத்தோராயிரம். பைப், பிரெக்கட், வயர், டிரெயின் குழாய் எல்லாம் தனிக் கணக்கு. மார்ச், ஏப்ரலில் கொழும்பு வேகும்போது போன் ஓயாது. அப்போது நான் விலையை ஏற்றுவதில்லை, பூட்டும் நாள்தான் பதினாறிலிருந்து இருபத்திரண்டாக ஏறுகிறது. சித்திரைப் புதுவருடத்துக்குப் பொடியன் ஹட்டனுக்குப் போய்விட்டால் ஒரு கிழமை படுத்துவிடும், பிறகு மழை பிடித்தால் இன்னும் மந்தம். ஏப்ரலுக்கு முன் வந்த மிச்சம் அதை ஈடுகட்டும். ஏப்ரல் வரவை வைத்து வாழ்க்கைச் செலவைத் தீர்மானித்த இரண்டு நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். இப்போது ஒருவர் கட்டாரில், மற்றவர் டுபாயில்.

விலை சொல்லும் முறையும் மாறியது. போனில் தொகை சொல்வதை விட்டுவிட்டேன். வட்ஸ்அப்பில் நாலு படம் கேட்பேன்: மெஷின் மாட்டும் உட்சுவர், அதே சுவர் வெளியிலிருந்து, வெளி மெஷின் வைக்கும் இடம், ட்ரிப் சுவிட்ச் உள்ள போர்ட். அதோடு எத்தனையாம் மாடி, கட்டடத்துக்கு என்ன சட்டம். படம் வந்தால் "இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் வரும்" என்று ஒரு வீச்சு சொல்வேன். பாதிப் பேர் படம் அனுப்புவதில்லை. அவர்கள் வேலை தரப்போகிறவர்கள் இல்லை, பத்துப் பேரிடம் கேட்டு விலை சேர்ப்பவர்கள். முன்பு அவர்களில் பாதிப் பேருக்காகத் தெஹிவளைக்கும் வத்தளைக்கும் ஓடியிருக்கிறேன்.

நேரில் வந்து பார்க்க 2,000 ரூபாய், வேலை தந்தால் பில்லில் கழித்துவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழ ஒரு வருடம் பிடித்தது. நம் ஆட்களிடம் பார்க்க வருவதற்குக் காசு கேட்பது ஏதோ பாவம் போல. முதல் தடவை சொன்னபோது அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் "சரி வாங்க" என்றார். டொக்டரைப் பார்க்கவே காசுதானே என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பைப் விஷயத்தில் எனக்கும் சக பாஸ்மாருக்கும் ஒத்துப்போவதில்லை. கூலியைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பைப்பில் எடுப்பதுதான் சாமர்த்தியம் என்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். பழைய சோனகத் தெருவில் நான் வழமையாகச் சாமான் எடுக்கும் கடை நானா ஒரு நாள் கல்லாவிலிருந்தபடி சொன்னார்: "தம்பி, ஒங்கட ஆள் ஒருத்தர் நேத்து எனக்கு கோல் எடுத்து பைப் அடி என்ன வெலன்டு கேட்டாரு. நான் சொல்லிட்டன். சொல்லாம என்ன செய்ற?" யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, அந்த வாரம் மிச்சக் காசு தராமல் இழுத்தவர் ஒருவர்தான். விலையை ஒரு போன்காலில் பார்த்துவிடக்கூடிய சாமானில் நம் உழைப்பை ஒளித்து வைத்தால் பிடிபடுகிற அன்றைக்கு உழைப்புக்கும் மரியாதை இல்லை. இப்போது கடை பில்லை அப்படியே கொடுக்கிறேன். போய் எடுத்து வந்து சேர்க்கப் பத்து வீதம் என்று பில்லிலேயே எழுதுகிறேன். ஒருவர்கூட அந்தப் பத்து வீதத்துக்குச் சண்டை பிடிக்கவில்லை.

மிஞ்சும் செம்புத் துண்டும் அப்படித்தான். செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. வீட்டுக்காரர் தன்னுடையது என்று நினைப்பார், பொடியன் தன் தேநீர்க் காசு என்று நினைப்பான். அளந்த அடிக்கு மட்டும் காசு வாங்கினால் மிச்சம் என்னுடையது, சுருள் முழுவதற்கும் வாங்கினால் மிச்சம் வீட்டுக்காரருடையது. நான் முதலாவதைச் செய்கிறேன். பைப்பை வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் முன்னால் டேப் பிடித்து அளக்கிறேன்.

நீளம் கூடினால் செம்புக்கு மட்டும் செலவு கூடுவதில்லை. கம்பனி மெஷினுக்குள் போட்டு அனுப்பும் குளிரூட்டும் கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் போதும். எவ்வளவு என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் அடிக்கணக்கில் கேஸ் கூட்ட வேண்டும். தராசு வைத்து நிறுத்துப் போட வேண்டும், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுவது வேலையல்ல. இது விலையில் வராவிட்டால் செய்யாமல் விடத்தான் கை போகும். வேக்கும் போடுவதும் அப்படித்தான். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச அரை மணித்தியாலமாவது பம்ப் ஓட வேண்டும், பிறகு நிறுத்திவிட்டு முள் ஏறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஐயாயிரத்துக்கு ஏசி பூட்டுகிறவர் அந்த அரை மணித்தியாலத்தில் அடுத்த வீட்டில் இருப்பார். மெஷினின் சொந்தக் கேஸையே கொஞ்சம் ஊதிவிட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போவார். அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிக் குளிரும். வித்தியாசம் கொம்பிரசர் சாகும்போது தெரியும், அப்போது அவருடைய நம்பர் வேலை செய்யாது.

"அவர் ஐயாயிரம் சொன்னாரே" என்பவர்களிடம் முன்பெல்லாம் நான் விலையைக் குறைத்தேன். இப்போது செய்யப்போகும் வேலையைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன். வேலையைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைக்க மாட்டேன். "பிரெக்கட்டை சாதாரண இரும்பில் போட்டால் இவ்வளவு குறையும், ஆனால் உங்கள் வீடு கடலுக்கு முதல் வரிசை, உப்புக்காற்று தின்றுவிடும்" என்பேன். சிலர் இரும்பே போதும் என்பார்கள். அவர்கள் பாடு. அதையும் தாளில் எழுதிவிடுவேன்.

2022 வேறு பாடம். பெப்ரவரி கடைசியில் ஓர் அலுவலகத்துக்கு நாலு மெஷினுக்கு விலை கொடுத்தேன், சாமான் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, கால்வாசி முற்பணம். டொலர் அப்போது 200 ரூபாய் அளவில். மார்ச் 7இல் மத்திய வங்கி டொலர் மேலிருந்த பிடியைத் தளர்த்தியது, மாதம் முடியுமுன் டொலர் 300ஐ எட்டிப் பார்த்தது, மே மாதம் 360. செம்பும் கேஸும் இறக்குமதிதான். நானா ஒவ்வொரு நாளும் ஒரு விலை சொன்னார், சில நாள் விற்கவே மாட்டேன் என்றார். சொன்ன சொல்லுக்காகச் செய்து முடித்தேன். மனைவியின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது. அலுவலகம் மிச்சக் காசைத் தர மூன்று மாதம் எடுத்தது, அதற்குள் அந்தக் காசு பாதிச் சாமானுக்குத்தான் காணும். இதெல்லாம் நடக்கும்போது கரண்டும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். ட்ரில்லும் இல்லை, வேக்கும் பம்பும் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நாளுக்குக் கூலி யார் தருவது? பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தபோது த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீட்டர் பெற்றோல். அதற்குள் எந்த வீட்டுக்குப் போவது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்த நாட்களில்தான், ஒரு தடவை போய் வருவதற்கு என்ன விலை என்பது எனக்குச் சரியாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து என் தாளில் மூன்று வரி கட்டாயம். சாமான் விலை ஏழு நாளுக்குத்தான் செல்லும். சாமான் காசு முழுவதும் முன்கூட்டியே, கூலி மெஷின் ஓடியவுடன், நான் கிளம்புமுன். வந்த பிறகு கரண்டோ கட்டட அனுமதியோ இல்லாமல் திரும்பினால் அரை நாள் கூலி. மூன்றாவதை இதுவரை இரண்டு தடவைதான் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுதிய நாளிலிருந்து லிஃப்டுக்கு முதல் நாளே சொல்லி வைக்கிறார்கள்.

சொந்தக்காரர் விஷயம் மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. "நம்மட பிள்ளைதானே, பார்த்துச் செய்" என்று மாமா ஒருவர் சொன்னால் என்ன செய்வது? கூலியில் ஒரு பகுதியை விடுகிறேன். ஆனால் பில்லில் முழுத் தொகையையும் எழுதி, கீழே "மாமாவுக்காக" என்று கழித்துக் காட்டுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் குறைந்த தொகைதான் என் விலை என்று மாமா ஊரெல்லாம் சொல்லி, இன்னும் ஐந்து பேரை அனுப்பி வைப்பார். அனுபவம்தான்.

போன மாதம் வெள்ளவத்தை அன்ரி கூப்பிட்டார். அதே அன்ரி. மகள் அதே தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறாவாம். என் நம்பரை எட்டு, ஒன்பது வருடம் வைத்திருந்திருக்கிறார்.

"தம்பி, இப்ப பார்க்க வாறதுக்கும் காசாமே?"

"ஓம் அன்ரி, இரண்டாயிரம். வேலை தந்தால் கழிப்பன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குப் போவன். சனி வாங்கோ."

சனிக்கிழமை போனேன். மொட்டை மாடிச் சட்டம் அப்படியேதான் இருந்தது, இந்தத் தடவை நாலு மாடி ஏற வேண்டும். தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் ஒரு தடவை வாசித்தார். பிறகு டக்ட் கதவைத் திறந்து, டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, "மேல போங்கோ தம்பி, நான் இஞ்ச பிடிச்சிருக்கிறன்" என்றார்.

58 அடி. கீழே வந்து சொன்னபோது அவர் ஏற்கெனவே அதைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தார்.